கியோரியூச்சியைக் காலனி ஆக்காதீர்கள்

போன வாரம் ஒரு சுற்றுலாக் கையேட்டின் தமிழ் வடிவம் பிழை பார்க்க வந்தது. ஜப்பானின் கோபே நகரத்தைப் பற்றிய பக்கத்தில் 'பழைய காலனியைச் சுற்றிப் பாருங்கள்' என்றிருந்தது. ஜப்பானிய மூலத்தில் இருந்த சொல் 'கியூ கியோரியூச்சி'. 'கியூ' என்றால் பழைய, 'கியோரியூச்சி' என்றால் வெளிநாட்டவர் தங்க ஒதுக்கிய பகுதி. இதே தவறை இந்த ஆண்டில் நான் திருத்துவது நான்காவது தடவை.

காலனி என்றால் அந்த மண்ணை அந்நியர் ஆண்டார்கள் என்று அர்த்தம். கோபேயை எந்த அந்நியரும் ஆளவில்லை. 1858-இல் அமெரிக்கா, நெதர்லாந்து, ரஷ்யா, பிரிட்டன், பிரான்ஸ் என்று ஐந்து நாடுகளோடு ஜப்பான் ஒப்பந்தம் போட்டது. அதன்படி யோகோஹாமா, நாகசாகி, கோபே போன்ற துறைமுகங்களில் வெளிநாட்டு வணிகர்கள் தங்க இடம் ஒதுக்கினார்கள். மண் ஜப்பானுடையது, மனைதான் குத்தகைக்கு. கோபேயில் 126 மனைகள். அங்கே இன்றும் நிற்கும் 'பதினைந்தாம் எண் மாளிகை'யின் பெயரில் இருப்பது அந்த மனை எண்தான். 1995 நிலநடுக்கத்தில் இடிந்து, பழைய மரச்சட்டங்களையும் சேர்த்துத் திரும்ப எழுப்பிய கட்டடம் அது.

ஒப்பந்தங்கள் சமமானவை இல்லை, சரி. தப்பு செய்த வெளிநாட்டவரை அவரவர் நாட்டுத் தூதரக அதிகாரியே விசாரித்தார். அதற்காக அது காலனி ஆகிவிடாது. காலனிக்கு ஜப்பானிய மொழியில் 'ஷொகுமின்ச்சி' என்று தனிச்சொல்லே இருக்கிறது. மூலத்தில் எழுதியவர் அதைத் தொடவில்லையே, நீங்கள் ஏன் இழுத்து வருகிறீர்கள்? 1899 ஜூலையில் இந்தப் பகுதிகள் முழுக்க ஜப்பானிய நிர்வாகத்துக்குள் வந்துவிட்டன. போதாக்குறைக்கு, தமிழில் 'பழைய காலனி' என்றதும் நம் ஆட்களுக்கு வீட்டு வசதி வாரியக் குடியிருப்புதான் நினைவுக்கு வரும்.

'வெளிநாட்டவர் குடியிருப்புப் பகுதி' என்று எழுதுங்கள், போதும். சீனாவின் ஷாங்காய், தியான்ஜின் நகரங்களில் இருந்த வெளிநாட்டவர் பகுதிகளைப் பற்றிய பேச்சென்றால் அங்கே வரும் ஜப்பானியச் சொல் 'சொகாய்'. வசன வரி எழுதுபவர்களே, போர்க்காலத்தில் ஊரைக் காலி செய்து போவதற்கும் அதே ஒலிதான். காதை நம்பாமல் எழுத்தைப் பாருங்கள்.

அப்புறம், ஜப்பானிய மொழி படிக்கும் மாணவர்களே, உங்கள் வாடகை வீட்டைக் கியோரியூச்சி என்று சொல்லாதீர்கள். அதற்கு, குடியிருக்கும் வீடு என்ற பொருளில், 'சுமாய்' இருக்கிறது.

ஒரே ஒரு வேண்டுகோள். கோபேயில் உள்ள ஒரு மெட்ரோ நிலையத்தின் பெயரிலேயே இந்தச் சொல் இருக்கிறது: 'கியூ கியோரியூச்சி, தைமாரு மாயே'. அதை மட்டும் தயவுசெய்து மொழிபெயர்க்காதீர்கள். நடைமேடையில் பெட்டியோடு நிற்கிறவர் அறிவிப்பில் கேட்கப்போவது அந்த ஒலியைத்தான்.