அஃபெக்டிவ் கம்ப்யூட்டிங்: தமிழில் எப்படிச் சொல்வது?

நண்பர் ஒருவர் கல்லூரி மாணவர்களுக்காகக் கணினி நூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறார். ஓர் அத்தியாயத்தை அனுப்பிப் பிழை பார்த்துத் தரச் சொன்னார். தலைப்பு 'திறன்மிகு கணிமை'. உள்ளே போனால் முகபாவம், குரல் நடுக்கம், உள்ளங்கை வியர்வை என்று என்னென்னவோ வருகிறது. திறனுக்கும் வியர்வைக்கும் என்ன சம்பந்தம் என்று மூலத்தை வாங்கிப் பார்த்தேன். 'அஃபெக்டிவ்' (உணர்ச்சி சார்ந்த) என்று இருந்ததை அவர் 'எஃபெக்டிவ்' (திறன்மிக்க) என்று படித்திருக்கிறார். ஓர் எழுத்துதான் வித்தியாசம்.

அவரைக் குறை சொல்ல முடியாது. இந்தப் பெயரை வைத்தவரே இப்படி ஒரு குழப்பம் வரும் என்று எதிர்பார்த்தவர்தான். ரோசலிண்ட் பிக்கார்ட், எம்.ஐ.டி.யின் மீடியா லேப் பேராசிரியர். (குரோம்பேட்டை எம்.ஐ.டி. அல்ல, அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் இருப்பது.) 1995-இல் அவர் எழுதிய ஆய்வறிக்கையின் தலைப்பு 'அஃபெக்டிவ் கம்ப்யூட்டிங்'. 1997-இல் அதே பெயரில் புத்தகமும் வந்தது. 'எமோஷனல்' என்ற சொல்லை ஏன் எடுக்கவில்லை என்று அறிக்கையிலேயே சொல்லியிருக்கிறார்: அப்படிச் சொன்னால் அறிவு மட்டுப்பட்ட கணினி என்று தொனிக்கும். அஃபெக்டிவ் என்றாலும் பொருள் உணர்ச்சி சார்ந்தது என்பதுதான். ஆனால் யாராவது அதை எஃபெக்டிவ் என்று எடுத்துக்கொண்டால் அதுவும் ஒருவகையில் நல்லதுதான் என்பது அவர் கணக்கு. நண்பர் அந்தக் கணக்கில் சரியாக விழுந்திருக்கிறார்.

பிக்கார்ட் தந்த வரையறையில் மூன்று கிளைகள் உண்டு. உணர்ச்சியோடு தொடர்புள்ள கணிமை, உணர்ச்சியிலிருந்து எழும் கணிமை, உணர்ச்சியை வேண்டுமென்றே மாற்ற முனையும் கணிமை. மூன்றாவதை மறந்துவிடாதீர்கள், தமிழ்ச்சொல் தேடும்போது அதுதான் இடிக்கும்.

சரி, வேர் என்ன? இலத்தீனில் 'ஃபாக்கெரே' என்றால் செய்தல். அதன் முன்னால் 'நோக்கி' எனப் பொருள்படும் 'அட்' சேர்ந்து 'அஃபிக்கெரே' ஆகிறது: ஒன்றின்மேல் ஏதோ செய்தல். 'வெளியே' எனப் பொருள்படும் 'எக்ஸ்' சேர்ந்தால் 'எஃபிக்கெரே', செய்து முடித்தல். எஃபெக்ட் இதிலிருந்து வந்தது. இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை, குழம்புவதில் வியப்பில்லை. அஃபிக்கெரேயின் பெயர்வடிவம் 'அஃபெக்டுஸ்': ஒன்றால் தாக்குண்ட நிலை. ஜெர்மன் உளவியலாளர்கள் இதை 'அஃபெக்ட்' என்று புழங்கினார்கள், ஆங்கில உளவியலிலும் அது கலைச்சொல்லாக நின்றுவிட்டது. அன்பு எனப் பொருள்படும் 'அஃபெக்‌ஷன்' இதே குடும்பம். ஆக, உணர்ச்சி என்பது நாம் செய்வதல்ல, நமக்கு நேர்வது. அந்தப் பார்வை வேரிலேயே இருக்கிறது.

தமிழில் இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. கோபப்படுகிறோம், வெட்கப்படுகிறோம், பயப்படுகிறோம், ஆசைப்படுகிறோம், கவலைப்படுகிறோம். எல்லாவற்றிலும் 'படு'. வெயில் படுவதுபோல, அடி படுவதுபோல, உணர்ச்சியும் நம்மேல் படுகிறது. இலத்தீன்காரரின் அஃபெக்டுஸ் நம் 'பட்டது'தான்.

இப்போது பெயருக்கு வருவோம். கம்ப்யூட்டிங் என்பதற்குக் 'கணிமை' என்ற சொல் மேகக் கணிமை போன்றவற்றில் வேரூன்றிவிட்டது, அதில் கை வைக்க வேண்டாம். முன்பாதிதான் சிக்கல்.

'உணர்ச்சிக் கணிமை' முதலில் நாவில் வருவது. ஆனால் உணர்ச்சி என்றதும் நமக்கு 'உணர்ச்சிவசப்படாதே' என்பதும் கூடவே கேட்கிறது. பிக்கார்ட் எமோஷனலைத் தள்ளிவைத்த அதே காரணம் இங்கேயும் நிற்கிறது. 'உணர்வுக் கணிமை' கொஞ்சம் பதமானது, ஆனால் உணர்வு என்ற பை மிகப் பெரியது. தொடுவுணர்வு, பசியுணர்வு, மொழியுணர்வு எல்லாம் அதில் அடங்கும். போதாக்குறைக்கு சென்சாரை 'உணரி' என்கிறோம். உணர்வுக் கணிமை என்றால் வெப்பநிலை பார்க்கும் கருவி என்று ஒரு மாணவர் நினைத்தால் தவறு அவருடையதல்ல. 'உணர்வறி கணிமை' என்றால் அறிவதோடு நின்றுவிடுகிறது. மூன்றாவது கிளை விடுபட்டுப்போகும்.

எனக்குப் பிடித்தது 'மெய்ப்பாட்டுக் கணிமை'. பழஞ்சொல்லைத் தூசி தட்டி எடுக்கும் ஆசையால் அல்ல. மெய்யில் படுவது மெய்ப்பாடு. உள்ளத்தில் எழுந்தது உடம்பில் வெளிப்படும்போது அதற்குத் தொல்காப்பியர் வைத்த பெயர். பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலே உண்டு. நகை, அழுகை, இளிவரல் (இழிவு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை என எட்டு.

இந்த இயந்திரங்கள் பார்ப்பது எதை? மனத்தையா? கேமரா உதட்டோரம் எவ்வளவு ஏறியது, புருவம் எவ்வளவு இறங்கியது என்று அளக்கிறது. மைக் குரலின் ஏற்ற இறக்கத்தையும் வேகத்தையும் அளக்கிறது. மணிக்கட்டுப் பட்டை தோலின் மின்கடத்து திறனை அளக்கிறது. வியர்வைச் சுரப்பிகள் கிளர்ந்தால் அது கூடும். எல்லாமே மெய்யில் பட்டவை. மெய்க்குப் பின்னால் இருப்பது ஊகம்தான்.

இதற்குப் பிக்கார்டின் ஆய்வகத்தில் நடந்ததே சான்று. மாணவர் ஒருவர் விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது, பேச இயலாத ஆட்டிச நிலைத் தம்பிக்கு எது பதற்றம் தருகிறது என்று பார்க்க இரண்டு பட்டைகளைக் கடனாகக் கேட்டார். எது வேலை செய்யுமோ என்று இரு கையிலும் ஒவ்வொன்று கட்டிவிட்டார். தரவைத் திறந்து பார்த்த பிக்கார்டுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு கைக்கான கோடு மலைபோல் எகிறியிருந்தது, மறு கையில் அசைவே இல்லை. ஒரு பக்கம் மட்டும் எப்படிப் பதற்றம் வரும்? பட்டை கெட்டுவிட்டது என்று நினைத்தார். பிறகு மாணவரிடமே கேட்டபோது தெரிந்தது: அந்த நேரத்தையொட்டித் தம்பிக்கு வலிப்பு வந்திருக்கிறது. அதிலிருந்து ஆய்வு வேறு திசையில் ஓடி, வலிப்பைக் கண்டறிந்து எச்சரிக்கும் கைப்பட்டை ஒன்றுக்கு 2018-இல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அனுமதி கிடைத்தது. உணர்ச்சியைத் தேடிப் போனவர்களுக்கு மெய் வேறொன்றைக் காட்டிக் கொடுத்தது.

முகத்தின் கதை இன்னும் சிக்கலானது. பால் எக்மன், வாலஸ் ஃபிரீசன் என்ற உளவியலாளர்கள் 1978-இல் முகத் தசைகளின் ஒவ்வோர் அசைவுக்கும் எண் கொடுத்துப் பட்டியலிட்டார்கள். உதட்டோரம் ஏறுவது 12-ஆம் எண். அசைவை எண்ணிடுவது அறிவியல், அதில் தகராறு இல்லை. '12 வந்தால் மகிழ்ச்சி' என்று அடுத்த படிக்குத் தாவுவதில்தான் வழக்கு. உளவியலாளர் லிசா ஃபெல்ட்மன் பாரெட்டும் உடன் ஆய்வாளர்களும் 2019-இல் இருக்கிற ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, முக அசைவை மட்டும் வைத்து உணர்ச்சியை நம்பகமாகச் சொல்லிவிட முடியாது என்றார்கள். கோபத்தில் எல்லோரும் முகத்தைச் சுளிப்பதில்லை. சுளிப்பவர்கள் எல்லோரும் கோபத்தில் இல்லை. கண்ணில் வெயில் அடித்திருக்கலாம்.

தொல்காப்பியத்தில் எனக்கு வியப்பு எட்டு என்ற எண் அல்ல. ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்கள், அதாவது அது பிறக்கும் காரணங்கள், சொல்கிறார் பாருங்கள், அதுதான். நகை ஒன்றுதான், ஆனால் அது எள்ளலால் வரலாம், இளமையால் வரலாம், பேதைமையால் வரலாம், மடனால் (கேட்டதை அப்படியே நம்பிவிடுவதால்) வரலாம். அழுகைக்கும் இளிவு (இகழப்படுதல்), இழவு, அசைவு (முன்னிருந்த நிலை கெடுதல்), வறுமை என நான்கு. கேமராவுக்குத் தெரிவது நகை மட்டும். நாலில் எது என்று அறிய ஆளையும் இடத்தையும் முன்கதையையும் அறிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது கிளைக்கும் இந்தச் சொல் இடம் தருகிறது. மெய்ப்பாடு கூத்துக்கும் உரிய சொல். இளம்பூரணர் தம் தொல்காப்பிய உரையில் செயிற்றியம் என்ற நூலிலிருந்து ஒரு கருத்தை எடுத்துக்காட்டுகிறார்: நடிப்பவன் செய்வது காண்பவனைச் சென்று சேர்வதே மெய்ப்பாடு. எம்.ஐ.டி.யில் சிந்தியா பிரசீல் 1990களின் இறுதியில் செய்த கிஸ்மெட் என்ற ரோபோ தலை இதற்குப் பொருந்தும். புருவமும் காதும் உதடும் அசைத்து அது முகம் காட்டும், எதிரில் இருப்பவர் குழந்தையிடம் பேசுவதுபோல் குழைவார். தலைக்குள் மகிழ்ச்சி இருந்ததா என்பது வேறு கேள்வி. செய்தது சேர்ந்துவிட்டது.

நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஸ்டான்ஃபோர்டில் கிளிஃபர்ட் நாஸ் குழுவினர் 1990களில் செய்த சோதனை ஒன்று: ஒரு கணினி பாடம் நடத்தியது, பிறகு அது எப்படி நடத்தியது என்று மாணவர்களிடம் கேட்டார்கள். அதே கணினியின் திரையில் கேட்டபோது மதிப்பெண் தாராளமாக விழுந்தது. வேறு கணினியில் கேட்டபோது குறைந்தது. முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது என்ற தாட்சண்யம், ஒரு பெட்டியிடம்!

விற்பனைச் சொற்களில்தான் கவனம் வேண்டும். 'உணர்ச்சியைக் கண்டறியும் ஏ.ஐ.' என்று விளம்பரம் வந்தால், 'முகக்குறிப்பைக் கணிக்கும்' என்று எழுதுவதே நேர்மை. மைக்ரோசாஃப்ட் தன் முகமறி சேவையிலிருந்து உணர்ச்சியை ஊகிக்கும் வசதியை விலக்கிக்கொள்வதாக 2022-இல் அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏ.ஐ. சட்டம், மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் தவிர, வேலையிடத்திலும் கல்விக்கூடத்திலும் இத்தகைய ஊகத்தைத் தடை செய்கிறது; 2025 பிப்ரவரி 2 முதல் நடைமுறை. தடை விதிக்கும் இடத்தில் சட்டமே 'ஊகித்தல்' என்ற சொல்லைப் புழங்கும்போது, தமிழில் 'அறிதல்' என்று எழுதி அதற்குக் கூடுதல் மரியாதை தருவானேன்?

'மெய்ப்பாடு யாருக்குப் புரியும்?' என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். கணிமையும் ஒருகாலத்தில் யாருக்கும் புரியாத சொல்லாகத்தான் இருந்தது என்றேன். கடைசியில் அத்தியாயத்தின் உள்ளே மெய்ப்பாட்டுக் கணிமை என்றும், தலைப்பில் மட்டும் 'உணர்வுக் கணிமை' என்றும் வைத்துக்கொண்டார். தலைப்பு பதிப்பாளர் விருப்பமாம். திறன்மிகு கணிமை போய்விட்டது, அதுவரைக்கும் சரி.