நேற்று என்ன சாப்பிட்டீங்க?

வயிறு சரியில்லை என்று கிளினிக்குக்கு வருகிறவர்களிடம் டாக்டர்களாகிய நாங்கள் வழக்கமாகச் சொல்வது மூன்றே விஷயம். காரத்தைக் குறைங்க, நார்ச்சத்து சேர்த்துக்குங்க, நேரத்துக்குச் சாப்பிடுங்க. இதில் எதுவும் தப்பில்லை. ஆனால் இதைக் கேட்டுவிட்டுப் போகிறவர் மறுநாள் காலையில் அடுப்படியில் எதை மாற்றுவார்? ஒன்றையும் மாற்ற மாட்டார். அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் மாத்திரை தீர்ந்ததும் திரும்ப வருவார், நாங்களும் திரும்ப எழுதிக்கொடுப்போம்.

நான் கேட்பது வேறு கேள்வி. நேற்றுக் காலை எழுந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை என்ன சாப்பிட்டீங்க, எத்தனை மணிக்கு? "வழக்கமா என்ன சாப்பிடுவீங்க" என்று கேட்டால் எல்லாரும் தாங்கள் சாப்பிட நினைப்பதைத்தான் சொல்கிறார்கள், அதில் காய்கறி நிறைய இருக்கும், சப்பர் இருக்காது. நேற்று என்று கேட்டால்தான் ராத்திரி பதினொரு மணிக்குச் சாப்பிட்ட பரோட்டா வெளியே வரும்.

எழுபதை நெருங்கும் ஓர் அம்மா, மலச்சிக்கல், வயிறு உப்புசம். காலையில் பால் டீ, பிஸ்கட் இரண்டு. மதியம் சாதம், சாம்பார், பொரித்த மீன், கோஸ் பொரியல் இரண்டு ஸ்பூன். நாலு மணிக்கு மறுபடி டீ, பிஸ்கட். இரவு இடியாப்பம். "எண்ணெய்ப் பலகாரமே தொடறதில்லை டாக்டர், அப்புறம் ஏன் இப்படி?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு கப் வெள்ளைச் சாதத்தில் ஒரு கிராம் நார்ச்சத்துகூட இல்லை. இடியாப்பமும் பெரும்பாலும் அதே அரிசிதான். சிங்கப்பூரின் சுகாதார மேம்பாட்டு வாரியம் பெண்களுக்கு ஒரு நாளைக்கு 20 கிராம், ஆண்களுக்கு 26 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது, இவருடைய தட்டில் அதில் பாதி தேறினாலே அதிகம்.

கைக்குத்தல் அரிசிக்கு மாறச் சொன்னால் இவர் கேட்க மாட்டார், வீட்டில் மற்றவர்களும் சாப்பிட மாட்டார்கள். அதனால் சாதத்தில் கை வைக்கவில்லை. நாலு மணி பிஸ்கட்டுக்குப் பதிலாக அரைக் கப் கொண்டைக்கடலைச் சுண்டல், அதில் மட்டுமே சுமார் 6 கிராம் கிடைக்கும். இரண்டு வாரம் கழித்துக் கொய்யா, 100 கிராமுக்கு 5 கிராம் போல. அதற்கப்புறம் பொரியல் இரண்டு ஸ்பூனிலிருந்து ஒரு பெரிய கரண்டி, தேக்கா மார்க்கெட்டில் கிடைக்கும் எந்தக் கீரையானாலும் சரி. எல்லாவற்றையும் ஒரே நாளில் ஆரம்பித்தால் வயிறு ஊதிக்கொள்ளும், "உங்க சுண்டலால்தான்" என்று சொல்லி மறுநாளே நிறுத்திவிடுவார்கள். தண்ணீரும் கூடவே ஏற வேண்டும், டாக்டர் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருக்கும் இதய, சிறுநீரக நோயாளிகளைத் தவிர.

இன்னொரு விஷயமும் சொன்னேன். காலை உணவு வயிற்றுக்குள் போனதும் பெருங்குடல் தானாகவே அசையும், அந்த நேரத்தில் கழிவறையில் போய் உட்கார வேண்டும், காலுக்கடியில் ஒரு சின்ன ஸ்டூல் இருந்தால் இன்னும் சுலபம். பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் அவசரத்தில் அந்த நேரத்தைத்தான் பலரும் தள்ளிப்போடுகிறார்கள்.

சாப்பாட்டைக் கேட்கும்போதே மாத்திரைகளையும் கேட்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம், சில இரத்த அழுத்த மாத்திரைகள், கோடீன் கலந்த வலி, இருமல் மருந்துகள் எல்லாம் மலச்சிக்கல் தரும். சர்க்கரைக்குப் போடும் மெட்ஃபார்மின் வயிற்றுப்போக்கு தரும். இதைப் பார்க்காமல் தட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை. ஆனால் எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், மாற்று உண்டா என்று கேளுங்கள்.

கட்டுமான வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளின் கதை வேறு. கேட்டரிங் சாப்பாடு. பல இடங்களில் விடிவதற்கு முன்பே காலை, மதியம் இரண்டுக்குமான பொட்டலங்கள் சேர்ந்தே வந்துவிடும், மதியப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது பல மணி நேரம் ஆகியிருக்கும். சைட்டில் கழிவறை தூரம் என்று தண்ணீரும் குடிப்பதில்லை. இரவு ஒன்பது மணிக்கு மேல் வயிறு நிறையச் சாதம், உடனே படுக்கை. அப்புறம் நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், "காஸ்ட்ரிக் டாக்டர்" என்று வருவார்கள். இவர்களிடம் நேரத்துக்குச் சாப்பிடு என்று சொல்வதில் அர்த்தமே இல்லை, நேரம் அவர்கள் கையில் இல்லை.

அவர்கள் கையில் இருப்பதைத்தான் பிடிக்க வேண்டும். பொட்டலம் புளித்த வாடை அடித்தால் பசித்தாலும் சாப்பிடக் கூடாது, வாடை இல்லாவிட்டாலும் கெட்டிருக்கலாம் என்பதால் பையில் வாழைப்பழமும் ரொட்டியும் இருப்பது நல்லது. இரவுச் சாதத்தைக் குறைத்து, வேலை முடிந்ததும் ஆறு மணிவாக்கில் கொஞ்சம் சாப்பிடலாம். எப்படியும் சாப்பிட்டுவிட்டுத்தான் ஊருக்கு வீடியோ கால் பேசுகிறார்கள். படுத்துக்கொண்டு பேசாமல் நடந்துகொண்டே பேசுங்கள் தம்பி என்பேன். அதில் ஒரு மணி நேரம் போய்விடும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம் வேண்டும் என்பது உண்மைதான், ஆனால் காலை நாலரைக்கு எழும் ஒருவருக்கு ஒரு மணி நேரமே பெரிது. தலைப்பக்கம் உயர்த்தி, இடப்பக்கம் சாய்ந்து படுப்பதும் பலருக்கு உதவுகிறது.

மிளகாயைப் பற்றி ஒரு வார்த்தை. சிலருக்குக் காரம் எரிச்சலைக் கிளப்பும், அவர்களுக்கே அது தெரியும். மற்றவர்களுக்கு இரவில் சாப்பிடும் அளவும் எண்ணெயும் உடனே படுப்பதும்தான் பெரிய காரணம். எல்லாரையும் மாதக்கணக்கில் வெறும் கஞ்சியில் போடுவதை நான் ஒத்துக்கொள்வதில்லை, வயதானவர்கள் அதில் இளைத்துப்போகிறார்கள்.

பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் நம்மில் நிறைய. பால் சேர்த்து ஆற்றிய தே தாரே எத்தனை கப் என்று கேளுங்கள், இரண்டு வாரம் பால் இல்லாத தே ஓ குடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். தயிரும் மோரும் இவர்களில் பலருக்கு ஒத்துப்போகும், தயிராகும்போதே பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோஸில் ஒரு பகுதி குறைந்துவிடுகிறது. வெங்காயம், பூண்டு, பருப்பு சிலருக்கு வயிற்றைக் கிளறும். ஐபிஎஸ் என்னும் எரிச்சல் குடல் நோய் உள்ளவர்களுக்காக மெல்பர்னின் மோனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபாட்மேப் முறை உண்டு. இணையத்தில் பட்டியலைப் பார்த்துவிட்டு சாம்பாரையே விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், வருத்தமாக இருக்கும். அது இப்படி வயிற்றைக் கிளறும் உணவுகளைச் சில வாரங்கள் நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எது ஒத்துவரவில்லை என்று கண்டுபிடிக்கும் முறை. உணவியல் நிபுணரோடு சேர்ந்து செய்ய வேண்டும், பாலிகிளினிக்கில் டாக்டரிடம் கேட்டால் அனுப்பிவைப்பார்.

சக டாக்டர்களுக்கு நேரம் இல்லை என்பது எனக்குத் தெரியும், எனக்கும் இல்லை. ஒரு கேள்வி, ஒரே ஒரு மாற்றம், திரும்ப வரும் தேதி, இவ்வளவு போதும். நோய் வராமல் தடுப்பதற்காக அரசு 2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் சேர்ந்தவர்கள் சுகாதாரத் திட்டம் பேச எப்படியும் வருகிறார்கள், அன்றைக்கே கேட்டுவிடலாம். கிராம் கணக்கு நம் மண்டையில் இருந்தால் போதும், நோயாளியிடம் கரண்டி, கைப்பிடி என்று சொல்லுங்கள். மலம் எப்படி இருக்கிறது என்று கேட்டால், கூட வந்த மருமகள் முன்னால் எந்த அம்மாவும் வாய் திறக்க மாட்டார். மருமகளைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, ஏழு வகைகளைப் படமாகக் காட்டும் பிரிஸ்டல் அட்டவணையை நீட்டினால், விரலால் தொட்டுக் காட்டிவிடுவார்.

சாப்பாட்டால் தீராதவையும் உண்டு. வயிற்றில் புண் உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் கிருமி இருந்தால் மூச்சுப் பரிசோதனையில் தெரியும், மருந்துதான் அதற்குச் சிகிச்சை. எடை தானாகக் குறைவது, விழுங்கச் சிரமம், கறுப்பு மலம், இரத்தசோகை, மலம் கழிக்கும் வழக்கம் திடீரென்று மாறுவது, இவற்றில் எது இருந்தாலும் சுண்டலும் கொய்யாவும் பேசிக்கொண்டிருக்கக் கூடாது. இரத்தம் போனால் மூலம் என்று தாங்களே முடிவு செய்து கருணைக்கிழங்கும் துத்திக்கீரையும் மாதக்கணக்கில் சாப்பிட்டவர்கள் உண்டு. மூலமாகவே இருக்கலாம், ஆனால் அதைப் பரிசோதித்துவிட்டுச் சொல்ல வேண்டும். ஐம்பது வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் தொந்தரவு எதுவும் இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை, மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் ஃபிட் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கம் அந்த கிட்டை இலவசமாகத் தருகிறது, வீட்டிலேயே மாதிரி எடுத்து அனுப்பலாம். பாசிட்டிவ் என்று வந்தால் உடனே புற்றுநோய் என்று பயப்பட வேண்டாம், கேமரா குழாயால் பெருங்குடலைப் பார்க்கும் கோலனோஸ்கோப்பி செய்து பார்க்க வேண்டும் என்பதுதான் பொருள். இரத்தம் கண்ணுக்குத் தெரிந்தால் கிட்டுக்காகக் காத்திருக்காமல் நேரே டாக்டரிடம் போங்கள்.

அடுத்தமுறை வயிற்றுக்காக வரும்போது முந்தின நாள் சாப்பிட்டதையெல்லாம் ஃபோனில் படம் எடுத்து வாருங்கள், டீயையும் சேர்த்து. வீட்டில் இருக்கும் மாத்திரைகள், நாட்டு மருந்து, சப்ளிமென்ட் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். டாக்டர் கேட்காவிட்டால் நீங்களே எடுத்து மேசைமேல் வையுங்கள்.