மைனஸ் பத்தில் எலெக்ட்ரிக் சைக்கிள்: பேட்டரிக்குள் என்ன நடக்கிறது?

டொரொன்டோவில் நவம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை எலெக்ட்ரிக் சைக்கிளைச் சுரங்க ரயிலில் ஏற்ற அனுமதி கிடையாது. 2023 டிசம்பர் 31 அன்று ஷெப்பர்ட்-யங் நிலையத்தில் ரயிலுக்குள் ஓர் எலெக்ட்ரிக் சைக்கிள் தீப்பிடித்து எரிந்தது. அதன் பிறகு வந்த விதி இது. கோடையிலும் அதே சைக்கிள், அதே பேட்டரிதானே, தடை ஏன் குளிர்காலத்துக்கு மட்டும் என்று கேட்கத் தோன்றும். குளிர், ஈரம், சாலையில் கொட்டும் உப்பு மூன்றும் சேர்ந்து லித்தியம் அயனி பேட்டரியைப் பழுதாக்கும் என்பதுதான் காரணம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் பலர் அதைக் கேட்டுவிட்டு, பனிக்காலத்தில் எலெக்ட்ரிக் சைக்கிளில் வேலைக்குப் போவதே ஆபத்து என்று நினைத்துக்கொள்கிறார்கள். குளிரில் பேட்டரியிலிருந்து மின்சாரத்தை எடுப்பது வேறு, குளிர்ந்த பேட்டரிக்குள் மின்சாரத்தை ஏற்றுவது வேறு. முதலாவது வெறும் தொந்தரவு. இரண்டாவதுதான் சேதம்.

முதலில் எல்லாரும் கவனிக்கும் விஷயத்தைப் பார்ப்போம். காலையில் திரையில் ஐந்து கோடும் நிறைந்திருக்கும். டான் பள்ளத்தாக்கிலிருந்து மேலே ஏறும் மேட்டில் மிதிக்கும்போது சடாரென்று இரண்டு கோடாகும். மேலே வந்து சிக்னலில் நின்றால் மறுபடியும் மூன்றாகும். பேட்டரி பழுதா, திரை பழுதா என்று குழம்ப வேண்டாம். இரண்டும் சரியாகவே வேலை செய்கின்றன.

36 வோல்ட் பேட்டரி என்று நாம் சொல்வதில் 10 வரிசை செல்கள் தொடராக இணைந்திருக்கும். முழுதாக ஏறியபோது 42 வோல்ட் காட்டும். 30 வோல்ட்டை நெருங்கினால், உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சுற்று செல்களைக் காப்பாற்ற இணைப்பைத் துண்டித்துவிடும். ஒவ்வொரு பேட்டரிக்கும் உள்மின்தடை உண்டு. அறை வெப்பத்தில் அது 0.1 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மேட்டில் மோட்டார் 15 ஆம்பியர் இழுத்தால், 1.5 வோல்ட் உள்ளேயே விழுந்துவிடும். மைனஸ் 15 டிகிரியில் அதே மின்தடை மூன்று மடங்கானால் விழுவது 4.5 வோல்ட். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்தில் ஒரு பங்கு சார்ஜ் மிச்சம் இருக்கும் பேட்டரி, சும்மா இருக்கும்போது சுமார் 34.5 வோல்ட்டில் இருக்கும். கோடையில் மேடு ஏறினால் 33. பனியில் 30. இணைப்பு துண்டிக்கப்படுகிறது, சைக்கிள் செத்துப்போகிறது. உள்ளே மின்சாரம் இருக்கிறது, எடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சூடேறவிட்டால் அந்த மிச்சம் அப்படியே திரும்பக் கிடைக்கும்.

மின்தடை ஏன் கூடுகிறது? பேட்டரிக்குள் ஒரு பக்கம் கிராஃபைட், மறுபக்கம் உலோக ஆக்ஸைடு, நடுவே லித்தியம் உப்பு கரைந்த ஒரு கரிமத் திரவம். லித்தியம் அயனிகள் இந்தத் திரவத்தில் இப்படியும் அப்படியும் நீந்துவதுதான் பேட்டரியின் வேலை. அந்தத் திரவத்தின் முக்கியப் பொருளான எத்திலீன் கார்பனேட் 36 டிகிரி வாக்கிலேயே உறைந்துவிடும் சாமான். அதனால்தான் எளிதில் உறையாத வேறு திரவங்களைக் கலந்து அதை இளக்கி வைத்திருக்கிறார்கள். குளிர ஆரம்பித்தால் கலவை கெட்டியாகும், அயனிகள் மெதுவாக நகரும்.

ஆனால் பெரிய முட்டுக்கட்டை திரவத்தில் இல்லை, கிராஃபைட்டின் வாசலில் இருக்கிறது. திரவத்தில் போகும் லித்தியம் அயனி தனியாகப் போவதில்லை. கரைப்பான் மூலக்கூறுகள் சிலவற்றைச் சுற்றிலும் ஒட்டவைத்துக்கொண்டே போகும். கிராஃபைட் அடுக்குகளுக்குள் நுழைய வேண்டுமானால் அவை எல்லாவற்றையும் வாசலிலேயே விட்டாக வேண்டும். திருவிழாக் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறோமே, அந்த மாதிரி. கழற்றுவதற்கு ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றல் வெப்பத்திலிருந்து வருகிறது. வெப்பம் கொஞ்சம் குறைந்தாலே இந்தக் காரியம் பல மடங்கு மந்தமாகிவிடும்.

ஓட்டும்போது அயனிகள் கிராஃபைட்டை விட்டு வெளியே வருகின்றன. மெதுவாக வந்தால் வோல்ட் குறையும், அதைத்தான் திரையில் பார்த்தோம். சார்ஜ் செய்யும்போது அவை கிராஃபைட்டுக்குள் போக வேண்டும். இங்கேதான் வினை. உள்ளே இருப்பவை நகர்ந்து இடம் விடவில்லை, வாசலில் நிற்பவை நுழையவில்லை, சார்ஜரோ பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கிறது. லித்தியம் கிராஃபைட்டுக்குள் அடங்குவதற்கும் வெளியிலேயே உலோகமாகப் படிவதற்கும் இடையே உள்ள மின்னழுத்த வித்தியாசம் வெறும் 0.1 வோல்ட் அளவுதான். குளிரில் அந்த இடைவெளி சட்டென்று தீர்ந்துபோகும். அப்போது லித்தியம் கிராஃபைட்டின் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிய ஆரம்பிக்கிறது.

படிந்ததில் ஒரு பகுதி பிறகு கரைந்து திரும்பும். மீதி திரவத்தோடு வினைபுரிந்து வீணாகிவிடும். அந்த இழப்பு நிரந்தரம். பேட்டரியைச் சூடாக்கினாலும் திரும்பாது. இன்னும் மோசமாக, படிவு ஊசி ஊசியாக வளர்ந்து இரு முனைகளுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய தடுப்புத் தாளைத் துளைத்தால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் சர்க்யூட். தீயின் ஆரம்பம் அப்படியும் இருக்கலாம். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் மைனஸ் 20 வரை ஓட்டலாம், 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் மட்டும் கூடாது என்று எழுதிவைப்பது இதனால்தான். நல்ல பேட்டரியில் குளிர்ந்திருந்தால் சார்ஜையே ஏற்காத உணரி இருக்கும். மலிவான பேட்டரிகளில் அதை நம்ப முடியாது.

ஆகவே செய்ய வேண்டியது எளிது. இரவில் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், கிளம்பும்போது மாட்டுங்கள். சூடாகக் கிளம்பும் பேட்டரி வழியிலும் சூடாகவே இருக்கப் பார்க்கும். உள்ளே 0.1 ஓம் தடையில் 10 ஆம்பியர் ஓடினால் 10 வாட் வெப்பமாகிறது. நியோப்ரீன் என்ற நுரை ரப்பரில் ஓர் உறை போட்டுவிட்டால் அந்த வெப்பம் எளிதில் காற்றோடு போகாது. வேலையிடத்துக்குப் போனதும் பேட்டரியை உள்ளே எடுத்துச் செல்லுங்கள், ஆனால் உடனே சார்ஜரில் செருகாதீர்கள். குளிர்ந்த பேட்டரியின் மேல் அறைக்காற்றின் ஈரம் வியர்த்துப் படியும். அது உலரவும் உள்ளே இருக்கும் செல்கள் சூடாகவும் இரண்டு மூன்று மணி நேரமாவது விடுங்கள்.

உணவு டெலிவரி செய்பவர்களுக்கு இந்த இரண்டு மூன்று மணி நேரம் கிடைப்பதில்லை. பகல் முழுக்கப் பனியில் ஓட்டி, இடைவேளையில் கிடைத்த பிளக்கில் அவசரமாகச் செருகி, மறுபடி ஓடுகிறார்கள். குளிர்ந்த பேட்டரியில் வேகமான சார்ஜ், அதுவும் தினம் பலமுறை. அவர்களைக் குறை சொல்வதில் பயனில்லை. கதகதப்பான அறையில் காத்திருக்கும் மாற்றுப் பேட்டரி ஒன்று அவர்களுக்குக் கிடைக்கச் செய்வதுதான் வழி.

தூரம் குறைவதற்குப் பேட்டரி மட்டும் காரணமில்லை. மைனஸ் 15 டிகிரியில் காற்று, 20 டிகிரிக் காற்றைவிடச் சுமார் 14 சதவீதம் அடர்த்தி கூடியது. மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் காற்றைக் கிழிக்க மட்டுமே 120 வாட் தேவைப்பட்ட இடத்தில் இப்போது ஏறக்குறைய 137 வாட் வேண்டும். உப்பிய குளிர்ச்சட்டை காற்றை இன்னும் பிடித்து இழுக்கும். குளிரில் ரப்பரும் விறைத்துப்போய், உருளும்போது கூடுதல் ஆற்றலைத் தின்னும்.

டயர் விஷயத்தில் பலர் தலைகீழாக நினைக்கிறார்கள். மைனஸ் 20 டிகிரி ஐஸைவிட 0 டிகிரியை ஒட்டிய ஐஸ்தான் டயருக்கு மோசம். ஐஸின் மேற்பரப்பு மூலக்கூறுகளைப் பிடித்துவைக்க மேலே ஆள் இல்லை, அதனால் அவை தளர்வாக அசையும். வெப்பம் 0 டிகிரியை நெருங்க நெருங்க அந்த அசைவு கூடி, கடைசியில் நீர்ப்படலமே உருவாகும். பகலில் உருகி மாலையில் மறுபடி உறையும் மார்ச் மாதச் சாலை அப்படிப்பட்டது. டங்ஸ்டன் கார்பைடு ஆணி பதித்த டயர் அந்தப் படலத்தைத் தாண்டிக் கீழே உள்ள ஐஸைக் குத்திப் பிடிக்கும். இரண்டு சக்கரத்துக்கும் வாங்கப் பணம் இல்லையென்றால் முன்சக்கரத்துக்கு முதலில் வாங்குங்கள். பின்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளிக்கலாம், முன்சக்கரம் வழுக்கினால் விழுந்துதான் எழ வேண்டும். அப்புறம், சிக்னலில் கிளம்பும்போது மோட்டார் உதவியைக் குறைத்துக்கொள்ளுங்கள். முழு விசையில் மிதித்தால் ஐஸில் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும்.

மிச்சம் உப்பு. சாலை உப்பு கரைந்த நீர் நன்றாக மின்சாரம் கடத்தும். பல பேட்டரிகளின் இணைப்பு முனைகளில் 36 வோல்ட் இடைவிடாமல் நிற்கிறது. அவற்றுக்கிடையே உப்புநீர் படிந்தால் ஒரு குளிர்காலத்துக்குள் உலோகம் பச்சை பூத்து அரித்துப்போகும். வாரத்துக்கு ஒருமுறை முனைகளைத் துடைத்து, உலர்த்தி, மெல்லிதாகச் சிலிக்கோன் கிரீஸ் தடவினால் போதும். சைக்கிளைக் கழுவ வாளி நீரும் துணியுமே சரி. அழுத்தமாகப் பீய்ச்சும் குழாய், வெளியே இருக்கும் உப்பை மோட்டாரின் பேரிங்குக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.