மை கரையக் கூடாது, வண்ணம் கரைய வேண்டும்

சிங்கப்பூர் ஆற்றங்கரையில் போட் கீ பக்கம் ஸ்கெட்ச் நோட்டோடு உட்கார்ந்தால் படம் எதிரிலேயே தயாராக இருக்கிறது. ஓட்டுக்கூரை போட்ட பழைய கடைவீடுகள், அவற்றுக்குப் பின்னால் வானத்தை மறைக்கும் வங்கிக் கட்டடங்கள், சற்றுத் தள்ளி 1869இல் கட்டி முடித்த கேவனா தொங்குபாலம். மேலே எல்லாம் ஜன்னலும் தூணும் கம்பியுமாகக் கோடுகள். கீழே கோடே இல்லாத தண்ணீர். மேலே பேனாவுக்கு வேலை, கீழே வாட்டர்கலருக்கு. இரண்டும் ஒரே தாளில் சண்டை போடாமல் இருக்க வேண்டுமானால், காய்ந்தபின் எது மறுபடி கரையும், எது கரையாது என்று தெரிந்திருக்க வேண்டும்.

சாதாரண ஃபவுண்டன் பேனா மைகளில் பெரும்பாலானவை தண்ணீரில் கரைந்த சாயங்கள். காய்ந்த கோட்டின்மேல் ஈரப் பிரஷ் பட்டால் சாயம் மறுபடி கரைந்து ஓடும். கறுப்பு மை பல சாயங்களின் கலவையாக இருந்தால் நீலமும் சிவப்புமாகப் பிரிந்தே ஓடும். சிலர் இதை வேண்டுமென்றே செய்து நிழல் போடுவதும் உண்டு. இந்தியன் இங்க் வேறு சாதி. அதில் இருப்பது நுண்ணிய புகைக்கரித் துகள். நீர் புகாத வகையில் அதோடு அரக்கும் சேர்ந்திருக்கும். காய்ந்ததும் அரக்கு துகள்களைத் தாளோடு பூட்டிவிடும். அதே காரணத்தால் ஃபவுண்டன் பேனாவுக்குள் ஊற்றினால் பேனாவையும் பூட்டிவிடும்! தொட்டு எழுதும் நிப்புக்குத்தான் அது சரி.

வாட்டர்கலரில் நிறமித் துகளைப் பிடித்து வைப்பது அரபுப் பிசின், நம்மூர்க் கருவேலத்தின் உறவு மரத்திலிருந்து வடிவது. தண்ணீர் பட்டால் இது எப்போதும் இளகும். அதனால்தான் காய்ந்த வண்ணத்தையும் ஈரப் பிரஷால் ஓரளவு ஒற்றி எடுக்க முடிகிறது. எல்லா நிறமியும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. அல்ட்ராமரின் நீலத்தின் துகள்கள் கூட்டமாகச் சேர்ந்து தாளின் பள்ளங்களில் தங்கும்; காய்ந்தால் மணல்மணலாகத் தெரியும். தாலோ நீலத்தின் துகள்கள் மிக நுண்மையானவை. நாருக்குள் புகுந்துவிட்டால் எடுப்பது கடினம். கலங்கிய ஆற்றுக்கு நான் முதல் வகையையே எடுப்பேன்.

ஈரம் காயும் விதத்தில்தான் சுவாரசியம். தாளில் தேங்கிய வண்ணத்தின் ஓரம் நகராமல் ஒட்டிக்கொள்ளும்; அங்கே நீர் வேகமாக ஆவியாகும். அதை ஈடுகட்ட நடுவிலிருந்து தண்ணீர் ஓரத்துக்கு ஓடும், துகளையும் இழுத்துக்கொண்டு. மேசையில் சிந்திய காபி காய்ந்தால் விளிம்பு மட்டும் கறுத்து நிற்குமே, அதே சங்கதி. 1997இல்தான் இயற்பியலாளர்கள் இதற்குத் தெளிவான விளக்கம் தந்தார்கள். பாதி காய்ந்த பூச்சில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் இன்னொரு விளைவு: புது நீர் குறைந்த ஈரமுள்ள பக்கம் பரவி, துகளைத் தள்ளிக்கொண்டுபோய்க் காலிஃப்ளவர் போன்ற விளிம்பாக விட்டுவிடும். சிங்கப்பூரின் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல். பூச்சு காய நேரமாகும்; அப்புறம் பொறுமை இழந்து கை வைப்பதும் அதிகம். கடைவீட்டுச் சுவர் காயுமுன் கூரை நிழலைப் போட்டால் நிழல் சுவரில் இறங்கிவிடும்.

இனி தண்ணீர். 2008இல் மரினா அணை வந்தபின் இந்த ஆற்றில் கடல் ஏற்றவற்றம் இல்லை. படகு போகாத நேரத்தில் எதிரொளி நன்றாக விழும். ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அளவில் விழாது. நேர்க்கீழாகப் பார்த்தால் தண்ணீர் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 2 சதவீதத்தையே திருப்புகிறது. பார்வை தண்ணீர்ப் பரப்பை ஒட்டிப் படியப்படிய அது வேகமாக ஏறும். பரப்போடு 10 பாகைக் கோணத்தில் பார்க்கும்போது ஏறக்குறைய 35 சதவீதம். ஆகவே காலடியில் ஆற்றின் சொந்தப் பச்சை, எதிர்க்கரைப் பக்கம் கட்டடங்களின் நிறம். வெள்ளைச் சுவரின் பிம்பம் சுவரைவிட மங்கலாகத்தான் இருக்கும், ஏனென்றால் ஒளியில் ஒரு பங்கு நீருக்குள் போய்விடுகிறது. கறுப்புத் தூணின் பிம்பமோ தூணைவிட வெளிறும். கலங்கலில் சிதறிய ஒளி அதோடு சேர்கிறது.

பிம்பம் என்பது கட்டடத்தைத் தலைகீழாக்கிய நகலும் அல்ல. தண்ணீருக்குள்ளிருந்து ஒரு கண் மேலே பார்த்தால் தெரியும் காட்சி அது. கரையில் நிற்பவருக்குச் சரியாகத் தெரியாத பாலத்தின் அடிப்பகுதி பிம்பத்தில் கூடுதலாகத் தெரியும்.

சிற்றலை எழுந்தால் ஒவ்வொரு அலைச்சரிவும் ஒரு சாய்ந்த கண்ணாடி. அது பிம்பத்தை மேல்கீழாக நீட்டும், பக்கவாட்டில் அவ்வளவாக இல்லை. அதனால் ஈரத் தாளில் வண்ணத்தைச் செங்குத்தாக இறக்கி, விளிம்புகளைக் கசியவிடுவது நிஜத்துக்கே நெருக்கமானது. வெயில் மினுக்கத்துக்கு மட்டும் வேறு வழி: சொரசொரப்பான தாளில் தண்ணீர் குறைந்த பிரஷைப் படுக்கையாக இழுத்தால், வண்ணம் மேடுகளில் மட்டும் ஒட்டி, பள்ளங்கள் வெள்ளையாகவே நிற்கும்.