பழுக்கவைத்தாலும் புகையிலை புகையிலைதான்

"டாக்டர், இது கடையில் வாங்கும் சிகரெட் இல்லை, பத்து வருடம் டப்பாவில் பழுக்கவைத்த வர்ஜீனியா பைப் புகையிலை" என்று, கீழுதட்டில் வெண்படலத்தோடு வந்தமர்ந்த பெரியவர் ஒருவர் சென்ற வாரம் எனக்கு விளக்கம் சொன்னார். வாய்நோய் மருத்துவராக இதே விளக்கத்தைப் பலரிடம் கேட்டுச் சலித்துவிட்டதால்தான் இதை எழுத நேர்ந்தது.

பைப் புகையிலையைச் சேகரிப்பவர்களின் ரசனையை நான் குறை கூறவில்லை. சர்க்கரை மிகுந்த வர்ஜீனியா இலை காற்றுப் புகாத டப்பாவில் ஆண்டுக்கணக்கில் இருந்தால், நிறம் கருத்து, காரம் தணிந்து, உலர்பழ மணம் பெறுகிறது என்பது உண்மையே. அமெரிக்காவின் லூசியானாவில் விளையும் பெரீக் இலையைப் பீப்பாய்களில் அழுத்தி, அதன் சாற்றிலேயே புளிக்கவைக்கிறார்கள். சிரியாவின் துறைமுகப் பெயரைத் தாங்கிய லட்டாக்கியா இலை, இன்று பெரும்பாலும் சைப்ரஸில், விறகுப் புகையில் வாட்டப்படுகிறது. கைத்தொழில் என்ற அளவில் இவை நேர்த்தியானவைதாம்.

ஆனால், சுவை கனிந்தால் நஞ்சும் தணிந்துவிடும் என்ற முடிவுக்கு எப்படி வருகிறார்கள் என்பதுதான் எனக்குப் புரிவதில்லை. நாக்கை உறுத்தும் காரம் வேறு, புற்றுநோயை உண்டாக்கும் பொருள் வேறு. பின்னதற்குச் சுவையும் இல்லை, மணமும் இல்லை. புகையிலைக்கே உரிய நைட்ரோசமீன்கள் என்னும் புற்றுநோய்ப் பொருள்கள் பச்சை இலையில் மிகக் குறைவு. இலையைப் பதப்படுத்தும்போதும் புளிக்கவைக்கும்போதும், நுண்ணுயிரிகள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்ற, அது இலையின் நிகோடின் வகைச் சேர்மங்களோடு சேர்ந்துதான் அவை பெருமளவில் உருவாகின்றன. அதாவது, எந்தப் பக்குவத்தைப் பெருமையாகச் சொல்கிறார்களோ, அந்தப் பக்குவத்தின்போதே அவை பிறக்கின்றன. அவற்றுள் என்என்என், என்என்கே என்னும் இரண்டையும், மனிதர்க்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில் வைத்திருக்கிறது. டப்பாவில் எத்தனை ஆண்டுகள் வைத்தாலும் அவற்றை அதிலிருந்து வெளியேற்ற வழி இல்லை. வெப்பமான அலமாரியில் வைத்தால் கூடவும் வாய்ப்புண்டு. பிறகு நெருப்பு வைத்ததும் தாரும் கார்பன் மோனாக்சைடும் எந்த இலையிலிருந்தும் வந்துதான் தீரும். பழைய இலை, புதிய இலை என்ற பேதம் நெருப்புக்குக் கிடையாது.

"நான் புகையை உள்ளே இழுப்பதில்லை" என்பது அடுத்த சமாதானம். வாயின் உட்தோலே நிகோடினை உறிஞ்சிக்கொள்ளும். உமிழ்நீரில் கரைந்தவை தொண்டைக்கும் உணவுக்குழாய்க்கும் இறங்கும். பைப் பிடிப்போரின் உதட்டுப் புற்றைப் பற்றி ஜெர்மானிய மருத்துவர் சோமரிங் 1795-லேயே எழுதிவிட்டார். அமெரிக்க அரசின் 1964-ஆம் ஆண்டுப் புகைபிடித்தல் அறிக்கையும் அந்தத் தொடர்பை உறுதியானதாகவே ஏற்றது.

நீண்ட நாள் பைப் பிடித்தவரின் மேலண்ணத்தைப் பார்த்தால், சாம்பல் கலந்த வெண்மைப் பரப்பில் சிவப்புப் புள்ளிகள் தெரியும்; அவை அழற்சி கண்ட சிறு உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய்கள். பற்களின் தேய்மானத்தை வைத்தே பைப்பை எந்தப் பக்கம் கடிக்கிறார் என்று சொல்லிவிடலாம். (ஆந்திரக் கடற்கரையில் சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கும் வழக்கத்தில், அதே அண்ணத்தில் காணும் மாற்றங்கள் இன்னும் ஆபத்தானவை.) பைப் பிடிப்போரின் அண்ண மாற்றம் புற்றாக மாறுவது அரிது, பழக்கத்தை நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களில் மறைந்துவிடும். உதட்டிலும் நாக்கிலும் தோன்றும் படலங்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

ஆகவே, உதட்டிலோ வாயிலோ புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ, இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் உடனே காட்டுங்கள். மஞ்சள் பூசிப் பார்ப்பதும், தேன் தடவிப் பார்ப்பதும் வேண்டாம். திசுப் பரிசோதனைக்குச் சொன்னால் தயங்காதீர்கள். சதையைக் கீறினால் புற்று பரவிவிடும் என்பது வெறும் வதந்தி. டப்பாவைத் திறந்ததும் இலைமேல் தெரியும் வெண்தூளைப் பக்குவத்தின் அடையாளம் என்று கொண்டாடாதீர்கள். அது பூஞ்சையாக இருக்கலாம். வெனிலாவும் செர்ரியும் மணக்கும் ஜாடிகளைப் பேரக்குழந்தைகளின் கைக்கு எட்டும்படி வைக்காதீர்கள். சிறு குழந்தைக்குக் கொஞ்சம் இலையே நஞ்சாகிவிடும்.

வெளிநாட்டிலிருந்து அப்பாவுக்கு டப்பா வாங்கி வரும் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள்: தயவுசெய்து வேறு ஏதாவது பரிசு கொடுங்கள். விட நினைப்பவர்களுக்கு 1800-11-2356 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது. அழைப்புக்குக் கட்டணம் இல்லை.