ஒரே எண்ணை இரண்டு முறை எண்ணிய கணினிகள்

2017 ஜனவரி 1 அன்று இந்திய நேரப்படி காலை 5:29:59 ஆனதும் 5:30 பிறந்துவிடவில்லை. நடுவே 5:29:60 என்று ஒரு நொடி வந்துபோனது. கிரீனிச்சில் அது நள்ளிரவு. உலகம் முழுவதும் ஒரே கணத்தில் சேர்க்கப்பட்ட லீப் நொடி. அந்தக் கணத்தில், இணையதளங்களுக்குச் சேவை தரும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வர்களில், அதாவது தளத்தின் பெயரைக் கணினி முகவரியாக மாற்றித்தரும் சர்வர்களில், ஒரு பகுதி தடுமாறியது.

நொடியின் நீளத்தை 1967 முதல் சீசியம் அணுதான் தீர்மானிக்கிறது: அதன் கதிர்வீச்சு 9,192,631,770 முறை அலைவுற ஆகும் நேரம் ஒரு நொடி. பூமி அவ்வளவு ஒழுங்காகச் சுழல்வதில்லை. கடல் ஓதங்களின் இழுப்பு அதன் வேகத்தைக் குறைக்கிறது. உட்கருவின் ஓட்டங்கள் அதைக் கூட்டவும் குறைக்கவும் செய்கின்றன. ஆகவே 1972இல் ஒரு சமரசம் செய்தார்கள். நாம் கைக்கடிகாரத்தில் பார்க்கும் உலகப் பொது நேரமான யூடிசி, அணு நொடியிலேயே நடக்கும். பூமியின் சுழற்சியிலிருந்து 0.9 நொடிக்கு மேல் விலகப் பார்த்தால் ஒரு நொடி சேர்க்கப்படும். இதுவரை 27 முறை சேர்த்திருக்கிறார்கள். தொடக்கத்திலேயே இருந்த 10 நொடி வித்தியாசத்தையும் கூட்டினால், அணு நேரத்தைவிட யூடிசி இன்று 37 நொடி பின்தங்கி நிற்கிறது. 1980இல் தொடங்கிய ஜிபிஎஸ் நேரத்தில் லீப் நொடியே கிடையாது. அது யூடிசியைவிட 18 நொடி முன்னால் ஓடுகிறது. அந்த வித்தியாசத்தையும் செயற்கைக்கோள்களே சேர்த்து ஒலிபரப்புவதால் நம் கைப்பேசி குழம்புவதில்லை.

சிக்கல் யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் வழியில் வந்த கணினிகளில்தான். அவை 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணிவருகின்றன. ஒரு நாளுக்குச் சரியாக 86,400 நொடி என்பது அந்தக் கணக்கின் விதி. 86,401ஆவது நொடிக்கு அதில் இடமில்லை. எனவே அந்த வழியில் வந்த இயங்குதளமான லினக்ஸ் தன் கடிகாரத்தை ஒரு நொடி பின்னுக்குத் தள்ளுகிறது. 2017 பிறந்தபோது 1483228799 என்ற எண் இரண்டு முறை வந்தது. அந்த நேரத்தில் ஒரு கேள்வியை அனுப்பிப் பதில் பெற்ற நிரலுக்கு, கேள்விக்கு முன்பே பதில் வந்ததாகத் தோன்றலாம். கிளவுட்ஃபிளேரில் நடந்தது இதுதான். கழித்துப் பார்த்த கால இடைவெளி எதிர்ம எண்ணானது. அதை வாங்கிய, கோ என்ற நிரல்மொழியின் செயற்கூறு எதிர்ம எண்ணை ஏற்காமல் நிரலையே நிறுத்தியது.

2012 ஜூன் 30 இதைவிட மோசம். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் தன் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளியது, ஆனால் அதே கெர்னலுக்குள் இருக்கும் டைமர் பகுதிக்கு அதைச் சொல்லவில்லை. டைமர் ஒரு நொடி முன்னாலேயே நின்றதால், ஒரு நொடிக்கும் குறைவாகக் காத்திருக்க வேண்டிய நிரல்கள் காத்திருக்காமலே விழித்து, மறுபடி தூங்க முயன்று, மறுபடி விழித்து, செயலியை முழு வேகத்தில் சுழலவிட்டன. ரெடிட் உட்படப் பல தளங்கள் முடங்கின. கடிகாரத்தை அதே நேரத்துக்கு மறுபடி அமைக்கும் ஒற்றைக் கட்டளையே அதற்கு மருந்தாக இருந்தது.

கூகுள் 2008 முதல் வேறு வழியில் போகிறது. கூடுதல் நொடியைக் கடைசியில் ஒட்டாமல் பரப்பிவிடுகிறது. இப்போதைய முறைப்படி நண்பகல் முதல் மறுநாள் நண்பகல் வரை ஒவ்வொரு நொடியும் சுமார் 11.6 மைக்ரோநொடி நீளும். எண் திரும்பி வராது, எந்த நிரலும் எதையும் உணராது. ஆனால் நடு இரவில் அந்தச் சர்வர்கள் உண்மையான யூடிசியிலிருந்து அரை நொடி விலகியிருக்கும். பரப்பும் சர்வரையும் பரப்பாத சர்வரையும் ஒரே வலையமைப்பில் கலந்தால் குழப்பம்தான். இது வலியைக் குறைக்கிறது, நோயைத் தீர்ப்பதில்லை என்பது என் கருத்து. மணி என்ன என்று சொல்வதும், எவ்வளவு நேரம் ஆனது என்று அளப்பதும் வேறு வேறு வேலைகள். இரண்டாவதற்கு ஒருபோதும் பின்னோக்கிப் போகாத தனிக் கடிகாரம் லினக்ஸில் வெகுகாலமாகவே இருக்கிறது. நிரலாளர்கள்தான் அதை எடுக்காமல் விட்டார்கள். கோ மொழி 2017 ஆகஸ்டில் அதைத் தன் நேரக் கணக்குக்குள்ளேயே சேர்த்துக்கொண்டது. அதுதான் சரியான திருத்தம்.

2035க்குள் அந்த 0.9 நொடி வரம்பைத் தளர்த்துவதென 2022இல் எடை, அளவுகளுக்கான பன்னாட்டுப் பொது மாநாடு முடிவு செய்தது. அவசரத்துக்குக் காரணம் உண்டு. அண்மை ஆண்டுகளில் பூமி சற்று விரைவாகச் சுழல்வதால், அதற்குள் ஒரு நொடியை நீக்க வேண்டி வரலாம்: 23:59:58க்குப் பின் நேரே 00:00:00. கணினிகளுக்கு நேரம் சொல்லும் என்டிபி நெறிமுறையில் 59 நொடி நிமிடத்துக்கென ஒரு குறியீடு ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் நொடியை நீக்கும் அந்த ஏற்பாடு இதுவரை ஒருநாள்கூட நடைமுறைக்கு வந்ததில்லை.