எள் இல்லாத எண்ணெய்: பெட்ரோலுக்குத் தமிழ் என்ன?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மளிகைக் கடை. ‘எண்ணெய் விலை இப்படி ஏறினால் எப்படிப் பிழைப்பது?’ என்றார் மூட்டை இறக்க வந்த லாரி ஓட்டுநர். ‘அதைத்தான் நானும் சொல்கிறேன்’ என்றார் கடைக்காரர், கடலை எண்ணெய் டின்னைத் தட்டியபடி. ஐந்து நிமிடம் இருவரும் ஒருவருக்கொருவர் ஆமாம் போட்டார்கள். ‘அண்ணா, நான் டீசலைச் சொன்னேன்’ என்று ஓட்டுநர் சொன்ன பிறகுதான் குட்டு உடைந்தது.

குழப்பம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. வெள் + நெய் வெண்ணெய் ஆனதுபோல, எள் + நெய் எண்ணெய் ஆயிற்று. முதலில் அது எள்ளிலிருந்து எடுத்ததற்கு மட்டுமே பெயர். நெய்தான் பொதுச்சொல். ‘வையம் தகளியா வார்கடலே நெய்யாக’ என்று பொய்கையாழ்வார் விளக்கேற்றியபோது, எரிய ஊற்றுவதெல்லாம் நெய்தான். பிறகு நெய் பசுவோடும் எருமையோடும் ஒதுங்கிக்கொண்டது. எண்ணெய் ஊரையே வளைத்துக்கொண்டது. தேங்காய் எண்ணெயில் எள் ஏது? அசல் எள் எண்ணெய்க்கோ ‘நல்லெண்ணெய்’ என்று அடைமொழி போடவேண்டி வந்தது. கெரசின் ஆயிலின் கதை தனி: பாட்டிமார் வாயில் உருண்டு அது கிருஷ்ணாயில் ஆகி, கடவுள் பெயரோடு ரேஷன் வரிசையில் நின்றது.

பெட்ரோலியத்துக்கு வருவோம். கிரேக்கத்தில் பெட்ரா என்றால் பாறை. லத்தீனில் ஓலியம் என்றால் எண்ணெய். வேடிக்கை என்னவென்றால், ஓலியமும் முதலில் ஆலிவ் எண்ணெய்க்கு உரிய பெயர். நாம் எள்ளை மறந்ததுபோலவே அவர்கள் ஆலிவை மறந்தார்கள்.

நாளிதழ்கள் எழுதும் ‘கச்சா எண்ணெய்’ எனக்கு ஒட்டவில்லை. கச்சா இந்தியிலிருந்து வந்தது. எண்ணெயில் எள் ஒளிந்திருக்கிறது. கிணற்றிலிருந்து வரும் பொருளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பாறை எண்ணெய் என்ற பொருளையே தமிழில் சொன்னால் என்ன? கல் + நெய் = கன்னெய், நல் + நெறி நன்னெறி ஆவதைப் போல. கல்நெய் என்று பிரித்து எழுதினாலும் குற்றமில்லை. சிலர் பெட்ரோலையே கன்னெய் என்கிறார்கள். நான் அதைப் பெட்ரோலியத்துக்கு வைத்துக்கொள்வேன். பெட்ரோல் என்பது அதைக் காய்ச்சிப் பிரிக்கும்போது கிடைக்கும் ஒரு பகுதிதானே. அந்தப் பெயர் அப்படியே இருக்கட்டும். டீசலை மொழிபெயர்க்கவே வேண்டாம், அது ஆள் பெயர்: ஜெர்மன் பொறியாளர் ருடால்ப் டீசல். 1900இல் பாரிஸ் கண்காட்சியில் அவர் வடிவமைத்த வகை எஞ்சின் ஒன்று கடலை எண்ணெயில் ஓடியது. அந்த வகையில் செவ்வாய்ப்பேட்டைக் கடைக்காரர் ஒன்றும் பெரிதாகத் தவறிவிடவில்லை.

பெட்ரோலை நாம் ‘அடிக்கிறோம்’. கையால் பம்பை அடித்த காலத்தின் மிச்சமாக இருக்கலாம் அந்த வினை. 2017 ஜூன் 16 முதல் தினமும் காலை 6 மணிக்கு விலை மாறலாம் என்று ஏற்பாடு வந்தது. எதிரெதிரே இரண்டு நிறுவனங்களின் பங்க்குகள் இருக்கும். விலையில் சில காசுகள்தான் வித்தியாசம். அதற்குப் போட்டி என்று பெயர்.

இப்போது அந்தப் பெட்ரோலிலும் எத்தனால் கலக்கிறார்கள், 20 சதவீதம் வரை. இதற்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. போலீஸ் செய்திகளில் பல காலமாகப் புழங்கும் ‘எரிசாராயம்’ கையருகே இருக்கிறது. சாராயம் என்றதும் முகம் சுளிப்பவர்கள் ‘எரி’யை அழுத்திச் சொல்லலாம்.

மின்சார வண்டிக்குத்தான் சிக்கல். எரிந்த, எரிகின்ற, எரியும் பொருள் என மூன்று காலத்துக்கும் பொருந்தும் வினைத்தொகை எரிபொருள். பேட்டரியிலோ எதுவும் எரிவதில்லை. அடிப்பதும் இல்லை, ‘சார்ஜ் போடுகிறோம்’. எழுத்தில் மின்னேற்றம் என்பார்கள். நல்ல சொல்தான். ஆனால் ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது, பிரேக் பிடிக்கப் பிடிக்க மின்சாரக் காரின் பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாக நிரம்புகிறது. இறங்க இறங்க ஏற்றம்.